தரம் சொல்லக் கற்றது

எங்கள் தெருவில் என்னை முன்னுக்கு வந்தவன் என்கிறார்கள். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகள் இருக்கும் பக்கத்தில், சுண்ணாம்புக் குழியில் இறங்கிய குடும்பத்தில் பிறந்து, மேசைக்குப் பின்னால் நின்று வேலை செய்யும் நிலைக்கு வந்தவர்கள் அதிகம் இல்லை. அதனால் வாசகசாலைப் பிள்ளைகள் வருஷத்துக்கு ஒருமுறையாவது வந்து, “நீங்க எப்படி முன்னுக்கு வந்தீங்கன்னு நாலு வார்த்தை சொல்லணும்” என்று கேட்பார்கள். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. இரண்டு தடவை எழுதிக் கொடுத்தேன். வேறு யாரோ படித்தார்கள். விடியுமுன் எழ வேண்டும், கையில் வெட்டுக்காயம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டக்கூடாது, செய்கிற வேலையில் சந்தோஷம் காண வேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தேன். எல்லாம் உண்மைதான். கை தட்டினார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷமும் கேட்டார்கள். இந்த முறை விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன். இதை அவர்கள் படிக்கமாட்டார்கள். படித்தாலும் கை தட்டமாட்டார்கள்.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவன். அம்மாவும் அப்பாவும் ஒரே பிளேக் வருஷத்தில் போய்விட்டார்கள். அக்காதான் என்னை வைத்துக்கொண்டாள். அவள் கல்யாணமாகிப் போனபோது பாத்திரம் பண்டத்தோடு நானும் போனேன். அக்கா புருஷனை மாமா என்று கூப்பிடுவேன். ஒரு தோல் ஷாப்பில் அவர் குழி மேஸ்திரி. ஷாப்பின் சுற்றுச்சுவருக்குள்ளேயே ஓட்டு வீடு ஒன்றை முதலாளி அவருக்கு விட்டிருந்தார். எங்கள் பக்கத்தில் அப்போது ஓட்டு வீடு என்பது பெரிய விஷயம். மழைக்காலத்தில் தெருவே எங்கள் வீட்டு வாசலில் வந்து ஒதுங்கும்.

மாமா சத்தமான மனிதர். சிரித்தாலும் சத்தம், அடித்தாலும் சத்தம். நான் அதற்கு நேர் எதிர். கடைக்குப் போனால் கடைக்காரர் தானாக என்னைப் பார்த்து “இன்னா வேணும்?” என்று கேட்கும்வரை நிற்பேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு போவார்கள். ஒருநாள் உப்பு வாங்கப் போய் வெறுங்கையோடு திரும்பினேன். உப்பில்லாத களியை எல்லாரும் தின்றோம். மாமா ஒரு வாய் வைத்துவிட்டு, “உன் தம்பிக்கு ஆண்டவன் வாய எதுக்கு வெச்சான்? சோறு போடறதுக்கு மட்டும்தான்” என்றார். அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அந்த மாமாதான் எனக்கு அதே ஷாப்பில் வேலை வாங்கிக் கொடுத்தார். எழுதத் தெரியும் என்பதால் தரம் பிரிக்கும் கொட்டகையில் போட்டார்கள். அந்த வேலை எப்படி நடக்கும் என்று சொல்லிவிட்டால் மற்றது விளங்கும்.

பச்சைத் தோல் சுண்ணாம்புக் குழியில் கிடந்து முடி உதிரும். பிறகு சதை சீவி, ஆவாரம்பட்டைத் தொட்டியில் வாரக்கணக்கில் ஊறி, கடுக்காய்த் தண்ணீர் கண்டு, எண்ணெய் தேய்த்து உலர்ந்து, கடைசியில் எங்கள் கொட்டகைக்கு வரும். அங்கே ஒரு நீண்ட மேசை. வெளிச்சம் வடக்கிலிருந்து விழும். தரம் சொல்கிறவர் தோலை மேசையில் விரித்து, கையால் தடவி, மடித்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து உரக்கச் சொல்வார். ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. கழிவு. சுவரோரம் ஐந்து குவியல்கள். அவர் சொன்னதும் ஆட்கள் தோலைத் தூக்கிச் சரியான குவியலில் எறிவார்கள். நான் பக்கத்தில் நின்று எழுதிக்கொள்வேன்.

ஒவ்வொரு மேஸ்திரியும் தன் குழித் தோலின் வால் ஓரத்தில் கத்தியால் அடையாளம் குத்தியிருப்பார். மாமாவுடையது வரிசையாக மூன்று குத்து. தரம் சொல்லும் நாளில் மேஸ்திரிகள் எல்லாரும் கொட்டகைச் சுவரில் சாய்ந்து நின்று கேட்க வேண்டும் என்பது அந்த ஷாப்பின் வழக்கம். யாருடைய தோல் எந்தக் குவியலுக்குப் போகிறது என்று அத்தனை பேருக்கும் தெரியும். நல்ல தரம் வந்தால் மீசையைத் தடவுவார்கள். கழிவு விழுந்தால் பக்கத்தில் நிற்பவன் இருமுவான். அந்த இருமலுக்காகவே சிலர் நாள் முழுவதும் காத்திருப்பார்கள்.

எனக்கு அந்த வேலை பிடித்துப் போயிற்று. மனிதர்களிடம் பேச வேண்டாம், தோலிடம் பேசினால் போதும். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போகும்போது நான் மட்டும் கொட்டகையில் இருந்து, காலையில் தரம் சொல்லிப் போட்ட தோல்களை எடுத்து மடித்து அழுத்திப் பார்ப்பேன். நல்ல தோலை மடித்தால் மெல்லிய முடிபோல் சுருக்கம் விழும். விட்டதும் மறைந்துவிடும். கெட்டுப்போன தோலின் மேல்பரப்பு சதையை விட்டு எழும்பி, கிழவன் கழுத்துபோல் சுருங்கும். கண்ணை மூடிக்கொண்டு தரம் நினைப்பேன். பிறகு எந்தக் குவியல் என்று பார்ப்பேன். ஆரம்பத்தில் பாதிக்குப் பாதி தப்பும். இரண்டு வருஷத்தில் தப்புவது அபூர்வமாகிவிட்டது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நானாகச் சம்பாதித்த முதல் பொருள் அதுதான்.

சீமையில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். தோலுக்குக் கிராக்கி ஜாஸ்தி. ஆனால் மோசமான சரக்கைத் திருப்பி அனுப்பவும் ஆரம்பித்திருந்தார்கள். ஒருமுறை எங்கள் சரக்கு சென்னையிலிருந்து அப்படியே திரும்பி வந்தது. முதலாளி சாயபு மேஸ்திரிகளைக் கூப்பிட்டு நிற்கவைத்தார். அவர் கத்தமாட்டார். கிராம்பை மென்றுகொண்டு மெதுவாகச் சொன்னார்:

“இந்த பேஜார் எனக்கு வேணாம். இனிமே எவன் குழியில பாதிக்கு மேல கழிவுல போவுதோ, அவன் குழியும் இல்ல, வீடும் இல்ல. போய்க்கிட்டே இருக்கலாம்.”

அதே சமயம் தரம் சொல்லிக்கொண்டிருந்தவருக்குக் கண் மங்கிவிட்டது. அவர் மகனோடு காட்பாடிக்குப் போய்விட்டார். சாயபு தானே வந்து தரம் பார்த்தார். ஒருநாள் அவர் ஒரு தோலைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபோது, என்னை அறியாமல் நான் புத்தகத்தில் ‘மூன்று’ என்று எழுதிவிட்டேன். அவர் அதைப் பார்த்தார். பிறகு பத்துத் தோலை என் முன்னால் போட்டு எழுதச் சொன்னார். எழுதினேன். ஒன்பது சரியாக இருந்தது.

“கை இருக்கு. தொண்டை இல்ல,” என்றார் சாயபு. “அஞ்சாவது குவியல்ல நிக்கறவனுக்குக் கேக்கலன்னா அவன் இஷ்டத்துக்குப் போடுவான். சித்திரைச் சரக்குக்கு நீயே தரம் சொல்லு. கடைசிச் சுவர் வரைக்கும் கேட்டா வேலை உனக்கு. கேக்கலன்னா நீ எழுதிக்கிட்டே இரு, ஆயுசுக்கும்.”

மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குழியில் வேலை செய்யும் ஆட்களிடமெல்லாம், “என் மச்சான் மேசைக்குப் போறான்டா” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர்கள் என்னைக் கண்டால் காதில் கை வைத்து, “இன்னா? கேக்கல!” என்பார்கள்.

அது மாசி மாதம். எங்கள் பக்கத்தில் மயானக் கொள்ளைத் திருவிழா வந்தது. மாமாவின் பெண்ணுக்கு அம்மை போட்டு, பிழைக்கமாட்டாள் என்று நினைத்து, பிழைத்தாள். அதற்காக மாமா அந்த வருஷம் காளி வேஷம் கட்டுவதாக வேண்டிக்கொண்டிருந்தார். காப்புக் கட்டிவிட்டால் வேஷக்காரர் பச்சைத் தோலைத் தொடக்கூடாது. தோல் ஷாப்புக்குள் காலே வைக்கக்கூடாது. சுற்றுச்சுவருக்குள் இருந்த எங்கள் வீட்டுக்கும் அவர் வரவில்லை, கோயிலிலேயே தங்கிவிட்டார். திருவிழாவுக்கு முந்தின நாள் நான் அவருக்குச் சோறு கொண்டுபோனேன். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்:

“மச்சான், கடைசிக் குழியில புதுச் சுண்ணாம்பு போட்டிருக்கேன். நாளைக்குக் காலைல ஆத்துக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி அந்தத் தோலத் தூக்கிடணும். விட்டா போச்சு. நம்ம ஆளுங்ககிட்ட சொல்லிடு. நாலே பேரு, நாலே வார்த்தை. சொல்வியா?”

“சொல்றேன் மாமா.”

மறுநாள் காலை நான் கடைசிக் குழிக்குப் போனேன். நான்கு பேரும் குழி ஓரத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, நெற்றியில் பட்டையாக விபூதி பூசியிருந்தார்கள். திருவிழாவுக்குக் கிளம்பிய மனிதர்களைச் சுண்ணாம்புக் குழியில் இறங்கு என்று சொல்ல வேண்டும். நான் குழியை எட்டிப் பார்த்தபடி நின்றேன். வாக்கியத்தை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

“இன்னா எழுத்துக்காரரே, குழிக்குள்ள எட்டிப் பாக்குற? உள்ள உன் பொண்டாட்டி இருக்காளா?” என்றான் ஒருவன்.

“அவருக்குத்தான் கல்யாணமே ஆவலியே. அதான் தேடறாரு,” என்றான் இன்னொருவன்.

“பேச்சு வராதவனுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்? தாலி கட்டும்போதுகூட எழுதித்தான் காட்டுவான்.”

நால்வரில் வயதானவர் மட்டும் என்னைப் பார்த்து, “இன்னாப்பா, எதுனா சொல்லணுமா?” என்று கேட்டார்.

அப்போது சொல்லியிருக்கலாம். அவராகவே கேட்டார். நான், “ஒண்ணுமில்ல” என்றேன். திரும்பி நடந்தேன். கொட்டகைக்குள் போய் ஐந்து நிமிஷம் கழித்து வந்து சொல்லிவிடலாம் என்று இருந்தேன். வந்தபோது அவர்கள் போய்விட்டிருந்தார்கள்.

பாலாற்று மணலில் அன்று கால் வைக்க இடமில்லை. மாமா முகத்தில் நீலம் பூசி, தகர நாக்கு கட்டி, கையில் முறத்தோடு ஆடி வந்தார். காலில் விழுகிறவர்களை முறத்தால் தலையில் அடித்து ஆசீர்வாதம் செய்தார். அக்கா என்னையும் பிடித்துத் தள்ளினாள். நான் விழுந்து எழுந்தேன். முறம் என் தலையில் பட்டது. தகர நாக்குக்குப் பின்னாலிருந்து மாமாவின் குரல் கேட்டது:

“சொல்ட்டியாடா?”

நான் தலையாட்டினேன்.

அப்போதுகூட நேரம் இருந்தது. ஆட்கள் எல்லாம் அதே மணலில்தான் இருந்தார்கள். ஆனால் தலையாட்டியாகிவிட்டது. மறுநாள் ஆட்கள் யாருக்கும் எழுந்து நிற்கவே முடியவில்லை. அதற்கடுத்த நாள் வெள்ளி, ஷாப்புக்கு விடுமுறை. சனிக்கிழமை காலையில் மாமா காப்பு கழற்றிக் குளித்துவிட்டு வந்து குழியைப் பார்த்தார். தோலைக் கோலில் தூக்கியபோது அது தண்ணீரில் நனைந்த அப்பளம்போல் தொங்கியது.

அவர் கையிலிருந்த கோலாலேயே அந்த வயதானவரின் தோளில் அடித்தார். நான் பத்தடி தூரத்தில் புத்தகத்தோடு நின்றிருந்தேன்.

“சாமி சத்தியமா எவனும் எங்ககிட்ட சொல்லல மேஸ்திரி!”

“என் மச்சான் சொன்னான்டா!”

“அவரு வந்தாரு, எட்டிப் பாத்தாரு. இன்னான்னு நானே கேட்டேன். ஒண்ணுமில்லன்னு போய்ட்டாரு.”

“அவனா? அவன் பொய் சொல்லுவானா? பொய் சொல்லணும்னா மொதல்ல வாயத் தொறக்கணும்டா!” என்று சொல்லி மாமா இன்னொரு அடி வைத்தார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அடிபட்டவர் என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தில் ஏதோ எழுதுவதுபோல் குனிந்துகொண்டேன். என்ன எழுதினேன் என்று நினைவில்லை. எழுதினேன்.

பேசாதவனை உலகம் நல்லவன் என்று நம்பிவிடுகிறது. அதில் எனக்குக் கிடைத்த லாபம் கொஞ்சமல்ல.

மாமா அந்தக் குழியில் கிடந்த அறுபது தோலையும் விட்டுவிடவில்லை. பட்டைத் தொட்டியில் மற்றவர்கள் ஒருமுறை புரட்டினால் அவர் மூன்றுமுறை புரட்டினார். கடைசியில் புங்க எண்ணெயை அளவுக்கு மீறித் தேய்த்தார். பார்வைக்குப் பளபளவென்று இருந்தன. சாயபு கடந்துபோகும்போதெல்லாம் மாமா அவற்றின் முன்னால் போய் நின்றுகொள்வார். பெரிய உடம்பு அவருக்கு, மறைக்கும்.

நான் என் தொண்டையைப் பழக்கிக்கொண்டிருந்தேன். ஷாப்புக்குப் பின்னால் ரயில் பாதை. ஜோலார்பேட்டைப் பக்கத்திலிருந்து சாயங்காலம் சரக்கு வண்டி ஒன்று வரும். அது கடக்கும் நேரத்தில் பாதையோரம் நின்று முழுக் குரலில் கத்துவேன். “ஒண்ணு! ரெண்டு! கழிவு!” வண்டியின் சத்தத்தில் என் சத்தம் எனக்கே கேட்காது. அதனால் கூச்சம் இல்லை. முதல் வாரம் பூனை கத்துவதுபோல் வந்தது. பிறகு அடிவயிற்றிலிருந்து வரத் தொடங்கியது. ஒருநாள் வண்டி எதிர்பாராமல் சின்னதாக இருந்துவிட்டது. கடைசிப் பெட்டி போனபிறகும் நான் கத்திக்கொண்டிருந்தேன். விறகு பொறுக்கும் பெண்கள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

“இன்னா அண்ணே, ரயிலுக்கே தரம் சொல்றியா? இன்னிக்கு ரயிலு கழிவாமா?”

நான் ஓடவில்லை. அதுவே பெரிய முன்னேற்றம் என்று நினைத்துக்கொண்டேன். வாசகசாலைக்கு எழுதிக்கொடுத்தபோது இந்த ரயில் விஷயத்தை மட்டும் எழுதியிருந்தேன். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

சித்திரையில் தரம் சொல்லும் நாளுக்கு முந்தின சாயங்காலம் அக்கா கருவாட்டுக் குழம்பு வைத்தாள். மாமா என் தட்டில் தன் பங்குத் துண்டை எடுத்து வைத்தார். அவர் அப்படிச் செய்கிற ஆளல்ல.

“மச்சான், நாளைக்கு என் தோலும் வரும். உனக்கே தெரியும் அது இன்னா கதைன்னு. ஒண்ணு, ரெண்டுன்னு நான் கேக்கல. நாலுன்னு சொல்லு. நாலுக்கும் கழிவுக்கும் நடுவுல இன்னா பெரிய மலையா இருக்கு? ஒரு முடி இருக்கு. அவ்ளோதான்.”

“அவன் சொல்லாம? அவன் இன்னா வேத்து ஆளா?” என்றாள் அக்கா.

நான் தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்கு எப்போதும் எளிதாக வரும்.

மறுநாள் மேசைக்குப் பின்னால் நின்றேன். சாயபு நாற்காலி போட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். மேஸ்திரிகள் சுவரில் சாய்ந்து நின்றார்கள். குழி ஆட்கள்கூட வேடிக்கை பார்க்க வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். பேச்சு வராதவன் பேசப்போகிறான் என்பது அன்று ஷாப்புக்கே கூத்து.

முதல் தோல் வேறொரு மேஸ்திரியுடையது. “ரெண்டு” என்றேன். ஐந்தாவது குவியலில் நின்றவன் காதில் கை வைத்தான். சிரிப்பு எழுந்தது. அடுத்ததற்கும் அப்படியே. சாயபு கிராம்பை மென்றுகொண்டு கூரையைப் பார்த்தார். ஏழெட்டுத் தோல் இப்படிப் போயிற்று. இன்னும் பத்துத் தோலுக்குள் இந்த மேசையிலிருந்து இறங்கிவிடுவேன் என்று தெரிந்தது.

அப்போது மூன்று குத்து போட்ட தோல் வந்து விழுந்தது. எண்ணெய் பளபளத்தது. மடித்துக் கட்டைவிரலை வைத்தேன். மேல்பரப்பு தனியாக எழும்பிச் சுருங்கியது. நிமிர்ந்தேன். மாமா சுவரோரத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு விரலை வயிற்றோடு சேர்த்து வைத்து லேசாகக் காட்டினார்.

“கழிவு!” என்றேன்.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. கடைசிச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. வாசலில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். ஐந்தாவது குவியல்காரன் காதிலிருந்து கையை எடுத்து, தோலைப் பிடித்து எறிந்தான்.

அடுத்ததும் மாமாவுடையது. “கழிவு!” அதற்கடுத்தது. “கழிவு!” யாரோ இருமினார்கள்.

இதை மறைக்கக்கூடாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்: எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உப்பில்லாத களி, தாலிப் பேச்சு, காதில் வைத்த கைகள், எல்லாம் ஒவ்வொரு தோலோடும் என்னைவிட்டு எறியப்பட்டன. பத்தாவது தோலில் நான் மாமாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கையும் தொண்டையும் ஒன்றாக வேலை செய்வது எவ்வளவு சுகம் என்பதை மட்டும் பார்த்தேன். அறுபதில் ஐம்பத்திரண்டு கழிவு. மீதி எட்டுக்கு நாலு சொன்னேன். அதுவும் இரக்கத்தால் இல்லை. அவை உள்ளபடியே நாலுதான்.

சாயபு எழுந்தார். மாமா அவர் முன்னால் வந்து கைகட்டி நின்றார்.

“சாயபு, இது என் தப்பு இல்ல. காப்புக் கட்டிக்கிட்டு நான் உள்ள வர முடியாது. தோலத் தூக்கச் சொல்லி ஆளுங்களுக்குச் சொல்லி அனுப்பினேன்.”

“யார்கிட்ட சொல்லி அனுப்பின?”

மாமா உடனே சொல்லவில்லை. அக்காவின் தம்பி என்பதால்தான் தயங்கினார் என்று இப்போது நினைக்கிறேன். பிறகு என் பக்கம் கையைக் காட்டினார்.

“இவன்கிட்டதான்.”

சாயபு என்னைப் பார்த்தார். “உன்கிட்ட சொன்னானா?”

கழிவைக் கழிவு என்று சொன்னது தப்பில்லை. இத்தனை வருஷத்தில் அதை எத்தனையோ விதமாகப் புரட்டிப் பார்த்துவிட்டேன், அது தப்பில்லை. பல வருஷம் கழித்து சாயபுவே ஒருமுறை சொன்னார்: அன்று காலையிலேயே அவர் மாமாவின் தோலில் ஒன்றை எடுத்து மடித்துப் பார்த்துவிட்டாராம். நான் நாலு என்று சொல்லியிருந்தால் எங்கள் இருவரையும் சேர்த்து அனுப்பியிருப்பாராம். ஆகவே தோலைப் பற்றி எனக்கு மனக்கஷ்டம் கிடையாது. அதற்குப் பிறகு சொன்ன ஒரு வார்த்தைதான்.

“இல்லீங்க,” என்றேன்.

அதே குரலில் சொன்னேன். கடைசிச் சுவர் வரை கேட்டது.

வாசலில் நின்ற வயதானவர், தோளில் அடி வாங்கினவர், யாரும் கேட்காமலே குரல் கொடுத்தார்: “எங்ககிட்டயும் எவனும் சொல்லல சாயபு! சொல்லாம வுட்டுட்டு எங்கள அடிச்சாரு!”

மற்ற மூவரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் எட்டிப் பார்த்துவிட்டுப் போனதை அவர் இப்போது சொல்லவில்லை. அடித்தவனை வீழ்த்த அது தேவைப்படவில்லை.

மாமா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபத்தை எதிர்பார்த்தேன். இல்லை. ஆச்சரியப்பட்டவர்போல் இருந்தார்.

“வாய் தொறந்துக்கிச்சுடா உனக்கு,” என்றார். அவ்வளவுதான். வெளியே போய்விட்டார்.

மூன்றாம் நாள் அவர்கள் தங்கவயலுக்குக் கிளம்பினார்கள். அங்கே தங்கச் சுரங்கத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று மாமா கேள்விப்பட்டிருந்தார். என்னோடு அவர் பேசவே இல்லை. பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய் நின்றார். அக்கா பானைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டே கேட்டாள்:

“அவரு உன்கிட்ட சொன்னாரா, இல்லியா? என் தலைமேல கை வெச்சுச் சொல்லு.”

கை வைத்தேன். ஷாப்பில் தோல் முடியைக் கூடையில் சுமந்து, சுண்ணாம்பு பட்டுப் பட்டு அவள் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்திருந்தது. “சொல்லல அக்கா” என்றேன்.

அவள் சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினாள். பிறகு, “வேஷம் கட்டற அவசரத்துல மறந்துட்டு உன் தலையில போடறாரு மனுஷன். நான் பாத்துக்கறேன். நீ நல்லா இரு” என்றாள். போகும்போது திரும்பி, அடுப்பு மூலையில் ஓடு ஒழுகும், ஐப்பசிக்குள் மாற்றிவிடு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் அப்படிச் சொன்னது ஏனென்றால், அந்த வீட்டைச் சாயபு எனக்கே கொடுத்துவிட்டார். முன்னேயே சொல்லியிருக்க வேண்டும். எழுத வரவில்லை.

அதற்குப் பிறகு என் வாழ்க்கை நன்றாக நடந்தது. இதுவும் உண்மை. சென்னைத் தரகர்கள் என் பேச்சை மறுவார்த்தை இல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். கல்யாணம் நடந்தது, என் மனைவி நல்லவள். மேசைக்குப் பின்னால் நின்று, வடக்கு வெளிச்சத்தில் ஒரு நல்ல தோலை விரித்துக் கையால் தடவும்போது கிடைக்கும் நிறைவுக்கு ஈடாக வேறொன்றை நான் கண்டதில்லை. மனம் குத்தும்போது அந்த நிறைவு இல்லாமல் போகும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அப்படி ஆகவில்லை. மேசைக்கு வெளியே மட்டும் இன்றுவரை பேச்சு வராது. கடையில் இப்போது நிற்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். என்னைக் கண்டதும் அவர்களே கேட்கிறார்கள்.

தங்கவயலிலிருந்து வருஷத்துக்கு ஒரு கடிதம் வரும். அக்கா யாரையோ வைத்து எழுதுவாள். ஒரு கடிதத்தில் மாமாவுக்குச் சுரங்கத் தூசி நெஞ்சில் கட்டிவிட்டது என்று இருந்தது. அடுத்த கடிதம் அவர் போனபிறகு எழுதியது. அதில் இப்படி இருந்தது: ‘கடைசி வரைக்கும் உன் தம்பிகிட்ட சொன்னேன் சொன்னேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். சாகும்போதாவது பொய்யை விடு என்று நானும் சொல்லிப் பார்த்தேன். விடவில்லை. கடைசிப் பத்து நாள் நான் அவரோடு பேசவில்லை. ஒரு தம்பி மேல் பழி போட்டுவிட்டு ஒரு மனுஷன் எப்படிச் சாவான்?’

அக்கா இப்போது என் வீட்டில் இருக்கிறாள். அவள் பெண்ணைத் திருப்பத்தூரில் கட்டிக்கொடுத்தோம். அந்தச் செலவு என்னுடையது. அக்கா அதைத் தெருவெல்லாம் சொல்கிறாள். சிறுபிள்ளைகள் சண்டை போட்டால், “அவனப் பாருங்கடா, ஒரு பொய் உண்டா, ஒரு சத்தம் உண்டா?” என்று என்னைக் காட்டுகிறாள்.

போன மாசியில் மயானக் கொள்ளை மேளம் ஆற்றுப்பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது. மத்தியான நேரம். அக்கா முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்தேன். எத்தனையோ வருஷமாக மனதில் வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

“அக்கா, மாமா என்கிட்ட சொன்னாரு. நான்தான் ஆளுங்ககிட்ட சொல்லல.”

முறம் நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்க வேண்டும் என்று விரும்பினேன்.

அவள் கண் கலங்கியது.

“செத்துப்போன மனுஷன் பேரக் காப்பாத்தணும்னு உன் தலையில போட்டுக்கிறியா?” என்றாள். “உன் மனசு எவனுக்கு வரும்? வேணாம்டா தம்பி. நான் அவரோட அத்தனை வருஷம் குடும்பம் பண்ணவ. எனக்குத் தெரியாதா அவரப் பத்தி?”

“நிஜமாத்தான் அக்கா.”

“சரி, சரி. நீ சொன்னா சரி.” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இனிமே இந்தப் பேச்ச எடுக்காத. உனக்குப் பொய் சொல்லத் தெரியல. மூஞ்சியே காட்டிக்குடுக்குது.”

இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். உரக்கச் சொல்லியிருக்கலாம். பத்துப் பேரைக் கூட்டி நிறுத்திச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒருவேளை நம்புவாள். நம்பினால் அந்தப் பத்து நாளை என்ன செய்வாள் என்று நினைத்துப் பார்த்தேன். அவளுக்காகத்தான் நிறுத்திக்கொண்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி இல்லை. அவள் நம்பவில்லை என்று தெரிந்ததும் எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது.

அக்கா மறுபடி புடைக்க ஆரம்பித்தாள். உமி என் வேட்டியில் வந்து விழுந்தது. தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து வேலைக்குப் போனேன்.